ஒரு மாத்திரைக்கு முன் மட்டும் நர்ஸ் ஏன் துடிப்பு எண்ணுகிறார்?

நீங்கள் கேட்டது: கொழிஞ்சாம்பாறையிலிருந்து அப்பாவைப் பாலக்காட்டில் சேர்த்திருக்கிறீர்கள், இதய மாத்திரை ஒன்றுக்கு முன் நர்ஸ் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணுகிறார், ஒரு நாள் மாத்திரை தராமலே போய்விட்டார்.

அநேகமாக அது டிகாக்சின். துடிப்பின் வேகத்தைக் குறைத்து, இதயம் சுருங்கும் வலுவைக் கூட்டும் மருந்து. குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மணிக்கட்டில் 15 நொடி எண்ணி நாலால் பெருக்குவது இதற்குப் போதாது. துடிப்பு தாறுமாறாக இருந்தால் சில துடிப்புகள் மணிக்கட்டுக்கு வந்தே சேராது. அதனால் இடது மார்பில், ஐந்தாவது விலா இடைவெளியில் முழு 60 நொடி கேட்பார்கள். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் வழக்கமாக மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரிடம் சொல்வார்கள். ஆக, அவர் சோம்பலில் விடவில்லை, வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார்.

சாப்பாடு பிடிக்காமல் போவது, வாந்தி, பார்வையில் மஞ்சள் சாயல் இருந்தால் உடனே சொல்லுங்கள். நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்திருந்தால் பொட்டாசியம் குறையலாம். அப்போது டிகாக்சினின் நச்சு சீக்கிரம் தலைகாட்டும்.

அப்புறம், மருந்து தரும்போதெல்லாம் பேர் கேட்கிறார்களே என்று அப்பா சலித்துக்கொள்ள வேண்டாம். "முருகேசன்தானே?" என்று மலையாளத்தில் கேட்டால், காது மந்தமான நம்மூர்ப் பெரியவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். அவர் வாயாலேயே பேரைச் சொல்ல வைத்து, கைப்பட்டையோடு ஒப்பிடுவதுதான் முறை. விட்டுப்போன மாத்திரைக்குப் பதிலாக நீங்களாக இரண்டு கொடுத்துவிடாதீர்கள்.