கிளை நம் பக்கம், பழம் யார் பக்கம்?

அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் சித்திரை வெயிலிலும் கருப்புக் கோட்டைக் கழற்றாத வழக்கறிஞர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

பக்கத்து வீட்டு மல்கோவா மரத்தின் கிளை எங்கள் மொட்டை மாடிக்கு வந்துவிட்டது. பழம் பறித்தால் திருட்டா? மரக்கார அண்ணன் மூன்று வாரமாக என்னோடு பேசுவதில்லை. (அம்மாப்பேட்டை வாசகர்)

பேசாமல் இருப்பதற்குச் சட்டத்தில் பரிகாரம் கிடையாது. பழத்துக்கு உண்டு.

எல்லை தாண்டி வந்த கிளையை உங்கள் எல்லை வரை வெட்டிக்கொள்ளலாம். அவருடைய நிலத்தில் கால் வைக்காமல் வெட்டினால் முன்கூட்டிச் சொல்லக்கூடத் தேவையில்லை என்று இங்கிலாந்தில் அன்றைக்கு உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1890-களிலேயே தீர்த்து வைத்துவிட்டது. ஆனால் பழம் வேறு சங்கதி. 1919-இல் அங்கே ஒரு வழக்கு. ஒருவர் தன் பக்கம் நீண்ட ஆப்பிள் கிளையை வெட்டினார், அதுவரை தப்பில்லை. பிறகு பழங்களை விற்றுக் காசாக்கினார். வெட்டிய பின்னும் பழம் மரக்காரருடையதுதான், அதன் விலையைக் கொடு என்றது நீதிமன்றம். கிளை உங்களுக்குத் தொந்தரவு, பழம் அவருக்குச் சொத்து!

திருட்டுக் குற்றத்துக்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். இப்போது இவ்வளவு விவரமும் படித்துவிட்டீர்கள் என்பதால் 'எனக்குத் தெரியாது' என்ற வாதம் போயிற்று. ஒரு கூடை பறித்து அவர் வீட்டுத் திண்ணையில் வையுங்கள். நாலு பழம் திரும்பி வரும். அதில் இரண்டு எனக்கு, ஆலோசனைக் கட்டணம்.

ஏற்காடு லேடீஸ் சீட் அருகே ஒரு குரங்கு என் கைபேசியைப் பிடுங்கியது. மீட்டுப் பார்த்தால் அதன் முகமே நாலு படங்களில் இருக்கிறது. காப்புரிமை யாருக்கு? (ஏற்காடு வாசகி)

இதே தகராறு அமெரிக்கா வரை போயிருக்கிறது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் ஒரு கருங்குரங்கு, புகைப்படக்காரரின் கேமராவில் தன்னையே எடுத்துக்கொண்டது. விலங்குரிமை அமைப்பு ஒன்று 2015-இல் குரங்கின் பெயரிலேயே வழக்குப் போட்டது. விலங்குக்குக் காப்புரிமைச் சட்டத்தின்கீழ் வழக்காட இடமில்லை என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நம் 1957-ஆம் ஆண்டுச் சட்டமும் படத்தை எடுத்த 'நபர்' என்றுதான் பேசுகிறது. குரங்கு நபரல்ல, நீங்கள் எடுக்கவில்லை. ஆகவே படம் யாருக்கும் சொந்தமில்லை, நகக்கீறல் மட்டும் உங்களுக்கே.

கடையில் பொருள் போட்டுக் கொடுத்த பைக்கு 3 ரூபாய் வாங்கிவிட்டார்கள். வழக்குப் போடுவேன் என்றால் வீட்டுக்காரர் சிரிக்கிறார். (ஆத்தூர் வாசகி)

அவரிடம் இரண்டு கதை சொல்லுங்கள். சண்டிகரில் ஒரு செருப்புக் கடை இதே 3 ரூபாயை வாங்கியது. பையில் தன் விளம்பரத்தையும் அச்சிட்டிருந்தது. 2019-இல் நுகர்வோர் மன்றம் விதித்தது மொத்தம் 9,000 ரூபாய். இன்னொன்று மதுராவில். 1999-இல் 70 ரூபாய் டிக்கெட்டுக்கு ரயில்வே 90 வாங்கியது. பயணி விடவில்லை, நூற்றுக்கு மேல் வாய்தா, 2022-இல் வெற்றி. 20 ரூபாய்க்கு 12 சதவீத வட்டி, மேலே 15,000 ரூபாய். அந்தப் பயணியே வக்கீல் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேறு யாராவது என்றால் எங்கள் கட்டணத்திலேயே முழுகியிருப்பார்.

உங்களுக்கு அதுவும் தேவையில்லை. 5 லட்சம் வரை நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போனால் போதும். ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

சிரிக்கிற வீட்டுக்காரருக்கு நம் ஊர்க் கதையும் உண்டு. 1882 சேலம் கலவரத்தைத் தூண்டியதாகத் தண்டிக்கப்பட்ட வழக்கறிஞர் விஜயராகவாச்சாரியார், மேல்முறையீட்டில் விடுதலையானார். அத்தோடு நிற்காமல், நகராட்சிப் பதவியைப் பறித்ததற்காக வெள்ளைக்கார அரசின் மீதே வழக்குப் போட்டு வென்றார். இழப்பீடு 100 ரூபாய். அந்த நூறை யாரும் சில்லறை என்று சொல்வதில்லை.

சாமி வழக்குப் போட முடியுமா? (ஓமலூர் வாசகர்)

போட்டு ஜெயித்தே இருக்கிறது. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976-இல் மண்ணுக்குள் கிடைத்த நடராஜர், கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே நடந்த வழக்கில், இடிந்து கிடந்த கோயிலையே ஒரு சட்ட நபராக, அதாவது மனிதரைப் போல வழக்காடும் உரிமை உள்ளதாக, ஏற்றார்கள். 1991-இல் மேல்முறையீடும் கோயில் பக்கமே தீர்ந்து, சிலை ஊர் திரும்பியது. ஒரு வேடிக்கை: நம் சட்டத்தில் தெய்வம் என்றைக்கும் மைனர். அண்டத்தை ஆட்டுவிப்பவருக்கும் கையெழுத்துப் போட ஒரு காப்பாளர் வேண்டும்.

உங்கள் பெயரும் கைபேசி எண்ணும் போடுங்களேன். (வாழப்பாடி வாசகர்)

வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. போட்டால் அடுத்த கேள்வி அவர்களிடமிருந்து வரும். அதற்கு இவ்வளவு சிரித்துக்கொண்டு பதில் எழுத முடியாது.