டிசம்பரில் காஷ்மீர் மலைப்பாதையில் லாரி ஓட்டுவது உண்மையிலேயே அவ்வளவு ஆபத்தா?

ஆம்பூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அண்ணன் இதுவரை நாக்பூர், டெல்லி லைன் மட்டும் ஓட்டியவர், இந்த டிசம்பரில் முதல் தடவையாக ஆப்பிள் ஏற்ற காலி வண்டியோடு காஷ்மீர் போகிறார், அம்மா தூங்காமல் கிடக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

ஆபத்துதான்மா, மறைக்க மாட்டேன். நான் ராணிப்பேட்டைக்காரன், 22 வருஷம் லாரி ஓட்டினேன், அதில் ஏழு குளிர்காலம் அந்தப் பக்கம் போயிருக்கிறேன். நம்ம வேலூர்ப் பக்கத்தில் பனி என்றால் மார்கழிக் காலையில் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிளம்புகிற விஷயம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவும் மொகிலி காட்டும் ஏறி இறங்கியவனுக்கு மலை பழகியிருக்கும், ஆனால் ரோடே உறைந்து கிடப்பது பழகியிருக்காது.

கிருஷ்ணகிரியில் 44ஆம் நம்பர் ரோட்டைப் பிடித்தால் அதுவே ஸ்ரீநகர் வரை கொண்டுபோய் விடும். ஜம்மு தாண்டினாலே மலைதான், உதம்பூர் தாண்டினால்தான் கஷ்டமான மலை. ராம்பன் பக்கம் மழையோ பனியோ பெய்தால் மேலேயிருந்து கல்லும் மண்ணும் சரியும், ரோடு நின்றுவிடும். அதைத் தாண்டி பனிஹால் சுரங்கம், எட்டரைக் கிலோமீட்டர், 2021-இல் திறந்தார்கள். இந்தப் பக்கம் வெயிலில் நுழைந்து அந்தப் பக்கம் காசிகுண்டில் வெள்ளைவெளேரென்று பனிக்குள் வெளியே வந்த நாள் எனக்கு உண்டு. அதனால் சுரங்கத்தின் கடைசியில் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வெளியே வந்த பிறகு பிரேக் மிதித்தால் லேட்.

வெள்ளையாகத் தெரிகிற பனிகூடப் பரவாயில்லை. தண்ணீர் தெளித்த மாதிரி கறுப்பாகப் பளபளவென்று தெரியுமே, அது ஈரம் இல்லை, கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸ். பாலத்தின் மேலும் வெயில் படாத வளைவிலும் காலையில் அதுதான் இருக்கும். காலி வண்டி என்றால் சுலபம் என்று அண்ணன் நினைக்கலாம், இல்லை, பின்சக்கரத்தில் கனம் இல்லாததால் அதுதான் முதலில் வழுக்கும். பனியில் வழுக்காமல் இருக்க டயரில் சுற்றி மாட்டும் செயினை ஜம்முவிலேயே வாங்கி, மாட்டிக் கழற்றிப் பழகச் சொல்லுங்கள், விரல் மரத்துப்போன பிறகு நடுரோட்டில் அதைக் கற்றுக்கொள்ள முடியாது. மேட்டை எந்த கியரில் ஏறுவோமோ, இறக்கத்திலும் அதே கியர். தொப்பூர் மலை இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டவர்கள் கதை நம் எல்லோருக்கும் தெரியும், அதையே ஐஸில் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எஞ்சின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைக்கூட ஐஸ் மேல் போடக் கூடாது, பின்சக்கரம் இழுத்துக்கொண்டு வண்டி பக்கவாட்டில் போகும்.

பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் ஏர் டேங்கில் சேரும் தண்ணீரை தினமும் சாயந்திரம் திறந்து விட வேண்டும், உறைந்தால் வால்வு அடைத்து பிரேக் வேலை செய்யாது. டீசலில் இருக்கும் மெழுகு குளிரில் கெட்டிப்பட்டு ஃபில்டரை அடைக்கும், அதனால் நம்ம ஊர் டீசலை நிரப்பிக்கொண்டு மலை ஏறாமல், டேங்கைக் குறைத்து அந்தப் பக்கமே போடட்டும். சிலர் டேங்குக்கு அடியில் தீ மூட்டுவார்கள், அதை மட்டும் செய்யவே வேண்டாம். புகையைச் சுத்தம் பண்ணும் யூரியா திரவத்துக்குத் தனி டேங்க் இருக்கிற புது வண்டி என்றால் மைனஸ் 11 டிகிரியில் அது உறையும், எஞ்சின் சூட்டில் தானே இளகும், பதறிப்போய் எதையும் ஊற்றக் கூடாது.

இதெல்லாம் ஓடும்போது. நான் சாவுக்குப் பக்கத்தில் போய் வந்தது வண்டி நின்றிருந்தபோது.

ராம்பனில் மண் சரிந்து பனிஹாலில் மூன்று ராத்திரி நிறுத்தி வைத்துவிட்டார்கள். இரண்டாம் ராத்திரி கேபினிலேயே மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சோறும் ரசமும் வைத்துச் சாப்பிட்டோம், குளிர் தாங்காமல் ஸ்டவ்வை அணைக்காமல் சின்னதாக எரியவிட்டு, கண்ணாடியை முழுசா ஏற்றிவிட்டுப் படுத்தோம். கிளீனர் பையன், வாலாஜா, 19 வயசு, தலை வலிக்குதுண்ணே என்றான். மலை ஏறினது ஒத்துக்கலைடா, தூங்கு என்றேன். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தான், எனக்கு எழுந்து பார்க்கணும் என்று தோன்றுகிறது, கை தூக்க வரவில்லை. பக்கத்து வண்டி சர்தார்ஜி ஒருத்தர் தீப்பெட்டி கேட்டுக் கதவைத் தட்டி, பதில் வராததால் தானே திறந்தார். அவர்தான் எங்கள் இரண்டு பேரையும் வெளியே இழுத்துப் போட்டார். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, புகை கிடையாது, ரத்தத்தில் ஆக்சிஜன் இடத்தைப் பிடித்துக்கொண்டு தூக்கம் மாதிரியே வரும். ஸ்டவ், கரி அடுப்பு, அங்கே கிடைக்கும் காங்கிரி என்கிற தணல் சட்டி எதுவும் மூடின கேபினுக்குள் வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் அப்படித்தான், சைலன்சர் வாயைப் பனி மூடினால் புகை உள்ளே வரும். இரண்டு கம்பளி, கனமான சாக்ஸ், குல்லா, உலர்ந்த மாற்றுத்துணி, மூன்று நாளுக்குச் சமைக்காமல் சாப்பிடக்கூடியது, இது போதும். அந்தப் பையனின் அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

பெரிய வண்டியை எந்தப் பக்கம் எப்போது விடுவார்கள் என்று அங்கே டிராஃபிக் போலீஸ் முந்தின நாளே சொல்லிவிடுவார்கள், அதைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். சரக்குக்காரப் பார்ட்டி போன் போட்டு எப்போ வருவே, எப்போ வருவே என்று நெருக்குவார்கள். ரோடு மூடியிருக்கு என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கட்டும்.

அப்புறம் அம்மாவுக்காக ஒன்று. நம்ம ஊர் பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீருக்குள் வேலை செய்யாது. இது தெரியாமல் முதல் டிரிப்பில் என் வீட்டில் நாலு நாள் அழுதுகொண்டிருந்தார்கள். கிளம்புவதற்கு முன்பே அண்ணனுக்குப் போஸ்ட்பெய்டு மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.