லேமினேஷன் மெஷின் வாங்கிய முதல் வாரமே பவுச் உள்ளே மாட்டிக்கொண்டது. எங்கே தப்பு செய்தேன்?

வீட்டுக்கென்று ஏ4 மெஷின் வாங்கியிருக்கிறீர்கள். பிள்ளையின் அட்டவணையைப் போட்டபோது நன்றாக வந்ததாம், அடுத்து ஒரு சின்ன அட்டையைப் போட்டதும் பவுச் உள்ளேயே சுருண்டுவிட்டதாம். இனி வீட்டுச் சான்றிதழ்களை எல்லாம் அதில் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விழுப்புரம் பக்கம் ஒரு தாலுகா ஆபீஸுக்கு எதிரே 11 வருடம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன் நான். சுருண்ட பவுச்சை ரோலரிலிருந்து உரித்து எடுத்த அனுபவம் நிறையவே உண்டு.

அநேகமாகப் பவுச்சைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள். பவுச் என்பது இரண்டு பிளாஸ்டிக் தாள், நடுவில்தான் நம் தாளை வைக்கிறோம். அதில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும், மற்ற மூன்று பக்கமும் திறந்திருக்கும். ஒட்டிய பக்கம்தான் முதலில் உள்ளே போக வேண்டும். திறந்த பக்கம் முன்னால் போனால் மேல் தாள் மேல் ரோலரோடும் கீழ்த் தாள் கீழ் ரோலரோடும் போய்ச் சுற்றிக்கொள்ளும். இன்னொரு காரணமும் இருக்கலாம். சின்ன அட்டைக்காகப் பெரிய பவுச்சை முதலிலேயே கத்தரித்தீர்களா? அது கூடவே கூடாது. வெளிப்பக்கம் பாலியெஸ்டர், உள்பக்கம் சூட்டில் உருகும் பசை, இதுதான் பவுச். பாலியெஸ்டர் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும், பசைக்கு 100 டிகிரி சுமாரே போதும். ஒட்டிய பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டால் இரண்டு தாளும் தனித்தனியாக நழுவும், பசை நேராக ரோலரில் ஈஷிக்கொள்ளும். அதன் பிறகு போடுகிற ஒவ்வொரு தாளிலும் அந்தப் பசை திட்டுத்திட்டாக ஒட்டும். ஐடி கார்டு அளவுப் பவுச் தனியாகவே கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். கத்தரிக்கிற வேலையெல்லாம் லேமினேட் ஆகி ஆறிய பிறகுதான். அப்போதும் தாளைச் சுற்றி 3 மில்லிமீட்டராவது பிளாஸ்டிக் ஓரம் விட வேண்டும். தாளை ஒட்டி வெட்டினால் ஓரம் வாய் பிளந்து தண்ணீர் ஏறிவிடும்.

மாட்டிக்கொண்டால் பலரும் செய்கிற தப்பு, கத்தியையோ ஸ்கேலையோ உள்ளே விட்டு நெம்புவது. ரோலர் மேலே இருப்பது சிலிக்கான் ரப்பர். ஒரு கீறல் விழுந்தால் அந்தக் கோடு எல்லாத் தாளிலும் வரும், கடைசியில் ரோலரையே மாற்ற வேண்டியிருக்கும். ரிவர்ஸ் ஸ்விட்ச் இருந்தால் உடனே அதைப் போட்டு, பவுச் உள்ளே போன வழியாகவே திரும்ப இழுங்கள். சில மெஷினில் ரோலரைத் தளர்த்த ஒரு நெம்புகோல் இருக்கும், அதைத் தள்ளிவிட்டு நேராக இழுக்கலாம். இரண்டுமே இல்லையென்றால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ஆற விடுங்கள். நன்றாக ஆறிய பிறகுதான் மேல் மூடியின் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டு நான் ஒருமுறை சூட்டோடு கழற்றினேன். வலது கட்டைவிரல் அதை ஒரு மாதம் மறக்கவில்லை.

சரி, மெஷின் விஷயம் இவ்வளவுதான். உண்மையில் கவனம் வேண்டியது எதை உள்ளே போடுகிறோம் என்பதில்தான். என் கடையில் நடந்த பெரிய விபத்து மெஷினால் வந்ததில்லை, என் அவசரத்தால் வந்தது.

ஒரு நாள் மதியம் பெரியவர் ஒருவர் வந்தார். மகனின் காலேஜ் ஃபீஸை வங்கியின் பணம் போடும் மெஷினில் கட்டிவிட்டு, அது கொடுத்த சீட்டைக் கையில் வைத்திருந்தார். நனைந்துவிடக் கூடாது, கிழிந்துவிடக் கூடாது, லேமினேஷன் போட்டுக் கொடு என்றார். நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் சீட்டைச் சரியாகப் பார்க்கவே இல்லை, பவுச்சில் வைத்து மெஷினுக்குள் விட்டுவிட்டேன். மறுபக்கம் வந்தது தார் ரோடு மாதிரி ஒரு கறுப்புத் துண்டு. அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், திருப்பியும் பார்த்தார். "எழுத்தெல்லாம் எங்கப்பா போச்சு?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. கடையை அப்படியே விட்டுவிட்டு அவரோடு வங்கிக்குப் போய், நடந்ததைச் சொல்லி, பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கிக் கொடுத்தேன். பணம் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் என்ட்ரி விழும்வரை அவர் முகம் இருந்த இருப்பு இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

ஏடிஎம் சீட்டு, கண்டக்டர் கைமெஷினில் வரும் டிக்கெட், பெட்ரோல் பங்க் பில், பெரும்பாலான ஈசிஜி எல்லாம் சூடு பட்டால் கறுக்கும் தாள். அதில் மையே கிடையாது, தாளில் பூசிய மருந்துதான் சூட்டில் எழுத்தாகிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு மூலையில் நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் அந்த ரகம்தான். அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை லேமினேட் செய்யுங்கள்.

அடுத்தது ஒரிஜினல் சான்றிதழ்கள். நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன்: மார்க் ஷீட், டிகிரி, பிறப்புச் சான்றிதழ், பத்திரம், எதன் ஒரிஜினலையும் லேமினேட் செய்யாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு அட்டெஸ்டேஷன் வாங்கப் போனால் சான்றிதழின் பின்பக்கம் முத்திரை குத்துவார்கள், பிளாஸ்டிக் மேல் எப்படிக் குத்துவது? பிரித்துக் கொடுங்கள் என்று என்னிடமே வந்திருக்கிறார்கள். பசை தாளின் நாருக்குள் இறங்கிய பிறகு, தாளைக் கிழிக்காமல் பிரிக்க எனக்குத் தெரிந்து கடைக்காரர் யாராலும் முடியாது. புடைப்பு முத்திரையும் ரோலரின் அழுத்தத்தில் தட்டையாகிவிடும். பழைய ஸ்டுடியோ போட்டோக்களையும் இதே கணக்கில் வையுங்கள். ஒரிஜினலைப் பிளாஸ்டிக் ஃபோல்டரில் வைத்துவிட்டுக் கலர் ஜெராக்ஸை லேமினேட் செய்தால் போதும். ஆதாருக்கு அந்தப் பதற்றமும் வேண்டாம். சாதாரணத் தாளில் எடுத்த பிரிண்டே செல்லும் என்று 2018லேயே ஆதார் ஆணையம் சொல்லிவிட்டது, 2020லிருந்து அவர்களே பிவிசி அட்டையும் தருகிறார்கள்.

அப்புறம் சூடு. வீட்டுக்கு 125 மைக்ரான் பவுச்சே போதும். அந்த எண் ஒரு பக்கத்துப் பிளாஸ்டிக் தாளின் தடிமன், இரண்டு பக்கமும் சேர்த்தால் 250. என் மெஷினில் அதற்கு 110லிருந்து 130 டிகிரிக்குள் வைப்பேன். 80 மைக்ரானுக்கு இன்னும் குறைவு, 250 மைக்ரான் என்று போட்ட பவுச்சுக்கு அதிகம். ஆனால் மெஷினுக்கு மெஷின் மாறும், வேண்டாத தாள் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ரெடி விளக்கு எரிந்தவுடனே போடாமல் இரண்டு நிமிடம் பொறுங்கள். பால் மாதிரி மங்கலாக வந்தால் சூடு போதவில்லை, இன்னொரு முறை விட்டால் தெளிந்துவிடும். அலை அலையாக நெளிந்து வந்தால் சூடு அதிகம். குமிழ் வந்தால் தாளில் ஈரம். ஐப்பசி கார்த்திகையில் எங்களுக்கு இதுதான் தலைவலி, தாளை ஃபேனுக்கு அடியில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத்தான் போடுவோம். இங்க்ஜெட் பிரிண்ட்டையும் நன்றாகக் காய விடுங்கள். ஸ்டேப்ளர் பின் இருக்கிறதா என்று ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

பவுச்சின் ஒட்டிய ஓரத்தில் தாள் போய் முட்ட வேண்டும், மற்ற மூன்று பக்கமும் சமமாக இடம் இருக்க வேண்டும். நேராகக் கொடுங்கள், ரோலர் பிடித்ததும் கையை எடுத்துவிடுங்கள், பின்னாலிருந்து தள்ளாதீர்கள். வெளியே வரும்போது அப்பளம் பொரிப்பதற்கு முன் இருப்பது மாதிரி துவண்டு வரும். அதை மேசையில் தட்டையாகப் போட்டு மேலே ஒரு கனமான புத்தகத்தை வையுங்கள். கையில் தூக்கி விசிறினால் அந்த வளைவிலேயே இறுகிவிடும். ஆறியதும் மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள், பிள்ளைகள் கையில் குத்தும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். முந்தானை, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு கயிறு, விரித்த தலைமுடி, இவை எதுவும் மெஷின் வாய்க்கு அருகே வரக் கூடாது. ரோலர் மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் பிடித்தால் விடாது. கடையில் உதவிக்கு இருந்த பையனின் கயிறு ஒருமுறை உள்ளே போனது. ப்ளக் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்ததால் தப்பித்தான். அதனால் ப்ளக்கை பீரோவுக்குப் பின்னால் மாட்டி வைக்காதீர்கள். எர்த் உள்ள மூன்று பின் பாயிண்ட்டாக இருக்கட்டும். உருகும் பசை லேசாக வாடை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

வேலை முடிந்ததும் சட்டென்று ஆஃப் செய்யாதீர்கள். ஸ்விட்சைக் கோல்டு (சூடில்லாமல் ஓடும்) பக்கம் மாற்றிப் பத்து இருபது நிமிடம் ரோலரைச் சுற்ற விட்டு, ஆறியதும் நிறுத்துங்கள். சூட்டோடு நின்றுபோன ரோலர் அழுந்திய இடத்தில் தட்டையாகிவிடும். அவ்வப்போது கெட்டியான வெள்ளை அட்டை ஒன்றைச் சூட்டில் உள்ளே விட்டு எடுத்தால் ஒட்டியிருக்கும் பசை அட்டையோடு வந்துவிடும். உங்கள் மெஷினில் இப்போது முதலில் செய்ய வேண்டியதே அதுதான். மூன்று நான்கு முறை விட்டும் அட்டை அழுக்காகவே வந்தால் மாடல் என்ன என்று கமெண்ட்டில் போடுங்கள், மூடியை எப்படிக் கழற்றுவது என்று சொல்கிறேன்.