புல்லுக்குள் உறங்கும் பருந்துகள்

கேள்வி: குளிர்காலத்தில் வலசை வரும் அரிய வேட்டைப் பறவைகளைப் பார்க்க ஒரு நாள் போதுமா? எங்கே போகலாம்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: போதும், அந்த நாளின் கடைசி ஒரு மணி நேரத்தைக் கோட்டைவிடாமல் இருந்தால். ஒரு டிசம்பரில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்திலுள்ள வேளாவதார் தேசியப் பூங்காவுக்குப் போனேன். வெளிமான்களுக்காக 1976-இல் உருவான, சுமார் 34 சதுர கிலோமீட்டர் புல்வெளி. பகல் முழுவதும் எனக்குக் கிடைத்தவை மான்களும் தூசியும்தான். பசி வேறு. திரும்பிவிடலாம் என்றேன். வழிகாட்டியோ பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வெயில் சாய்ந்ததும் பூனைப்பருந்துகள் வரத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டேன். மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வருபவை அவை. பகலெல்லாம் சுற்றுவட்டார வயல்களில் வெட்டுக்கிளி தின்றுவிட்டு, இரவில் மரத்தை நாடாமல் தரையிலேயே, புல்லுக்குள் கூட்டமாகத் தங்குகின்றன! உலகிலேயே பெரிய தங்கல்களில் ஒன்று இது.

இவற்றில் மாண்டேகு, வெளிறிய என்ற இரண்டு வகைகளின் ஆண் பறவைகளைப் பிரித்தறிவது எளிது. மாண்டேகு பூனைப்பருந்தின் இறக்கை மேல் ஒரு கரிய கோடு ஓடும். வெளிறிய பூனைப்பருந்துக்கு அது கிடையாது. பெண் பறவைகளிடம் நான் இன்றும் தோற்கிறேன். கையேட்டோடு மல்லுக்கட்டி அந்த வெளிச்சத்தை வீணாக்காதீர்கள்.

குஜராத் தொலைவு என்றால் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துத் தரிசு நிலங்களுக்குப் போங்கள். அங்கும் வருகின்றன, எண்ணிக்கைதான் குறைவு.