இங்கிலாந்து ரக்பில பிரைவேட் ஸ்கூல் பசங்களே அதிகமா இருக்காங்களே, ஸ்கூல் வசதிதான் காரணமா? இது நியாயமா? என் பதினோரு வயசுப் பையனை இதுக்காகவே அங்க சேர்க்கலாமா?

கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. இங்கிலாந்து டீம்ல பிரைவேட் ஸ்கூல் ஆளுங்க இவ்வளவு பேர் வர்றதுக்கு வசதிதான் காரணமா, அது நியாயமான்னு ஒண்ணு. பதினோரு வயசுப் பையனை இதுக்காகவே காசு கட்டி அங்க சேர்க்கலாமான்னு இன்னொண்ணு. ரெண்டாவதைக் கடைசில சொல்றேன்.

நான் ரக்பி ஆடினவன் இல்ல. இங்கிலாந்துல குடியிருக்கற சாதாரண அப்பா, பையனைக் கிளப்ல இறக்கிவிடப் போனவனை லைன்ல கொடி புடிக்கச் சொன்னாங்க, அப்புறம் தண்ணி பாட்டில் தூக்கச் சொன்னாங்க, இப்ப அண்டர் 14 பசங்களுக்கு அசிஸ்டன்ட் கோச்னு ஞாயித்துக்கிழமை ஆனா சேத்துல நிக்கிறேன். அவ்வளவுதான் என் தகுதி.

நம்பர்ல ஆரம்பிக்கறேன். இங்கிலாந்துல பிரைவேட் ஸ்கூல்ல படிக்கற பசங்க சுமார் 7 சதவீதம். 2019ல சட்டன் டிரஸ்ட்ங்கற அறக்கட்டளை வெளியிட்ட ரிப்போர்ட்படி பிரிட்டன் ஆண்கள் ரக்பி இன்டர்நேஷனல் பிளேயர்ஸ்ல 37 சதவீதம் பேர் பிரைவேட் ஸ்கூல்ல படிச்சவங்க, ஃபுட்பால்ல அதே கணக்கு 5 சதவீதம். ஒரே நாடு, ஒரே மழை, ரெண்டு ஆட்டத்துக்கும் நடுவுல இவ்வளவு தூரம்.

ஏன்னா ஃபுட்பாலை எங்க வேணா கத்துக்கலாம், ரக்பில பாதி ஆட்டத்தை அப்படிக் கத்துக்க முடியாது. டேக்கிள் பண்ணி, அதாவது பந்தோட ஓடறவனைப் புடிச்சுச் சாய்ச்சு, விழணும்னா கீழ மண் மெத்துனு இருக்கணும். நெறைய அரசு ஸ்கூல்ல புல் கிரவுண்டு ஒண்ணே ஒண்ணுதான், நவம்பர் வந்தா தண்ணி தேங்கி நிக்கும், யாரும் இறங்கக்கூடாதுன்னு பூட்டிடுவாங்க. அஸ்ட்ரோ, அதாவது செயற்கைப் புல் தரை, இருக்கேன்னு கேப்பீங்க, பல இடத்துல அது ஹாக்கிக்குப் போட்ட மணல் கார்ப்பெட், அதுல விழுந்தா முட்டித்தோல் உரிஞ்சிடும், டேக்கிள் பண்ண விடவே மாட்டாங்க. ரக்பிக்கான செயற்கைத் தரைன்னா உலக ரக்பி அமைப்பான வேர்ல்ட் ரக்பியோட ரெகுலேஷன் 22 டெஸ்ட்டுல பாஸாகணும், அதுக்கு ஆகற செலவை சாதாரண ஸ்கூல் நினைச்சே பாக்க முடியாது. அதனால விளையாட்டு பீரியட்ல, டேக்கிள் இல்லாம கையால தொட்டாலே போதும்ங்கற டச் ரக்பி ஆடுவாங்க. டச் ரக்பி நல்லதுதான், ஓடவும் பாஸ் பண்ணவும் வரும், ஆனா அதுல ஒரு ப்ராப், அதாவது முன்வரிசைல நின்னு தள்ளற ஆளு, உருவாக மாட்டான்.

ஸ்க்ரம்தான் இதுல பெரிய விஷயம், அதாவது ரெண்டு டீம் ஆளுங்களும் தோள் கோத்துக்கிட்டு எதிரெதிரா தள்றது. ஒரு தடவை பெரிய போர்டிங் ஸ்கூல் ஒண்ணுக்கு மேட்ச் ஆடப் போயிருந்தோம். வரிசையா கிரவுண்டு, வெள்ளைக் கோடெல்லாம் அன்னைக்குக் காலைல போட்ட மாதிரி பளிச்னு, அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். மரத்தடில ஒரு ஸ்க்ரம் மெஷின் இருந்துச்சு, அங்க தலை நரைச்ச கோச் ஒருத்தர் புல்லுல ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு பதினாலு வயசுப் பையன் ஒருத்தனோட குதிகாலைக் கையால புடிச்சுக் கொஞ்சம் பின்னாடி நகத்தறார், தள்ளச் சொல்றார், திரும்ப நகத்தறார். அந்த ஒரே பையனோட ஒரே காலுக்கு அவ்வளவு நேரம். எங்க டீம்ல ஒரு ப்ராப்போட அம்மாவுக்கு நைட் ஷிஃப்ட் முடியல, அவனைக் கூட்டிட்டு வர ஆள் இல்ல. முன்வரிசைல பயிற்சி எடுத்த பசங்க இல்லன்னா ஸ்க்ரம்மைத் தள்ளாம சும்மா சாஞ்சு நிக்கணும், அது சட்டம், கழுத்து சம்பந்தப்பட்ட விஷயம், சட்டமும் சரிதான். ஆனா அன்னைக்கு முழுக்க எங்க பசங்க ஒரு ஸ்க்ரம் கூடத் தள்ளல. இதே மாதிரி ரெண்டு மூணு வருஷம் போச்சுன்னு வைங்க, பதினாறு வயசுல புரொஃபஷனல் கிளப்போட அகாடமிக்காரங்க வந்து பாக்கும்போது யார் "ரெடியா" தெரிவான்?

வசதின்னா கிரவுண்டும் ஜிம்மும் மட்டும்னு நினைச்சுடாதீங்க. தெரிஞ்ச ஆள் கூட நிக்கிற நேரம், பிசியோ, கூட்டிட்டு வர பஸ், மாத்து ஆள், எல்லாம் சேந்ததுதான் வசதி. இங்கிலாந்து ரக்பி சங்கமான ஆர்.எஃப்.யூ. 2012ல ஆல் ஸ்கூல்ஸ்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சு 2019க்குள்ள 750 அரசு ஸ்கூல்ல புதுசா ரக்பி கொண்டு வர்றோம்னாங்க. நல்ல முயற்சி, ஆனா பந்தும் கோச்சிங்கும் கொடுத்து ஆரம்பிச்சு வெச்ச டீச்சர் வேற ஸ்கூலுக்கு மாறிட்டா டீமும் அவரோடவே போயிடும், இதை நானே பாத்திருக்கேன்.

இப்ப அந்த 37 சதவீதத்துக்கு வர்றேன், அதை அப்படியே நம்பக்கூடாது. அதுக்குள்ள ஸ்காலர்ஷிப்ல போனவங்களும் இருக்காங்க. இங்கிலாந்து பிளேயர் மாரோ இட்டோஜே ஹார்ப்பென்டன்ல செயின்ட் ஜார்ஜ்ஸ்ங்கற அரசு ஸ்கூல்ல படிச்சவர், இன்னொரு இங்கிலாந்து பிளேயர் ஓவன் ஃபாரல் படிச்சதும் அங்கதான். அப்புறம்தான் இட்டோஜே ஸ்காலர்ஷிப்ல ஹாரோங்கற பெரிய பிரைவேட் ஸ்கூலுக்குப் போனார். அவரைப் பத்தி எழுதும்போது பாதிப் பேர் ஹாரோன்னு மட்டும் எழுதுவாங்க. பையனைக் கண்டுபுடிச்சது ஒரு இடம், பேர் வாங்கறது இன்னொரு இடம். ஸ்காலர்ஷிப் தப்புன்னு சொல்லல, கிடைச்ச குடும்பம் சந்தோஷமா எடுத்துக்கட்டும், நானா இருந்தாலும் எடுத்துப்பேன். ஆனா நல்லா ஆடற ஒருத்தனை மேல தூக்கிட்டுப் போறதால அவன் விட்டுட்டு வந்த ஸ்கூல்ல ஒண்ணும் மாறல, சொல்லப்போனா அந்த டீம் இன்னும் பலவீனமாகுது.

இதை நியூசிலாந்துலயே சண்டையாப் போட்டிருக்காங்க. 2018 கடைசில ஆக்லாந்துல பத்து ஸ்கூல் சேந்து, மத்த ஸ்கூல்ல இருந்து பிளேயரை இழுக்கறீங்கன்னு சொல்லி செயின்ட் கென்டிகர்ன் காலேஜ்ங்கற பிரைவேட் ஸ்கூலோட முதல் டீம் கூட ஆட மாட்டோம்னாங்க. இங்கிலாந்துல அந்த அளவுக்குச் சத்தம் வந்து நான் பாத்ததில்ல.

தென்னாப்பிரிக்கால இது இன்னும் பச்சையா தெரியும். அந்த நாட்டு டீம்ல ஆடின சியா கொலிசி, மகஸோலே மப்பிம்ப்பி, ரெண்டு பேருமே ஈஸ்டர்ன் கேப் மாகாணம், ரெண்டு பேருக்கும் வறுமைதான், வயசுல ஒரு வருஷம் கூட வித்தியாசம் கிடையாது. கொலிசி ஸ்விடே டவுன்ஷிப் பையன், பன்னெண்டு வயசுல ஒரு டோர்னமென்ட்ல கண்ணுல பட்டு ஸ்காலர்ஷிப்ல வசதியான கிரே ஸ்கூலுக்குப் போனார், 2013லயே ஸ்பிரிங்பாக், அதாவது தென்னாப்பிரிக்கா டீம் பிளேயர், ஆயிட்டார். மப்பிம்ப்பி கிராமத்துல சாதாரண ஸ்கூல், அவர் நாட்டுக்காக முதல் மேட்ச் ஆடினது 2018, மூத்தவர் அவர்தான். ஸ்கூல் மட்டுமே காரணம்னு சொல்ல வரல, பொசிஷன் வேற, காயம், அதிர்ஷ்டம் எல்லாம் இருக்கு. ஆனா 2019 உலகக் கோப்பை ஃபைனல்ல தென்னாப்பிரிக்காவோட முதல் ட்ரை (ஃபுட்பால்ல கோல் மாதிரி) அடிச்சவர் இந்த மப்பிம்ப்பிதான். அந்த அஞ்சு வருஷத்துல மனசு விட்டுப்போய் நிறுத்தியிருந்தா? அப்படி நிறுத்தினவங்க எத்தனை பேரோ.

நியாயம்ங்கற விஷயத்துல எனக்குக் கோபம் ஸ்கூல் மேல கம்மி, புரொஃபஷனல் கிளப்புங்க மேலதான் ஜாஸ்தி. அவங்களுக்குள்ள நியாயம்னா உயிரை விடுவாங்க. ஒரு கிளப் பிளேயர்ஸுக்கு மொத்தமா இவ்வளவுதான் கொடுக்கலாம்ங்கற சம்பள உச்சவரம்பை மீறினதுக்கு 2019ல சாரசென்ஸ் கிளப்புக்கு 35 பாயின்ட் கட், 53 லட்சம் பவுண்டுக்கும் மேல அபராதம், கடைசில கீழ் டிவிஷனுக்கே இறக்கிட்டாங்க. அதே உச்சவரம்பு விதில, 18 வயசுக்கு முன்னாடி கிளப்புக்கு வந்த பிளேயர்னா "ஹோம் க்ரோன்", அதாவது நாங்களே வளத்த ஆளுன்னு, அந்த வரம்புக்கு மேல செலவு பண்ண சலுகை உண்டு. வளத்தது யாரு? ஸ்கூலும், ஞாயித்துக்கிழமை சும்மா வந்து நிக்கிற அப்பா அம்மாவும். ஃபுட்பால்ல ஒரு பிளேயர் கான்ட்ராக்ட் நடுவுல நாடு விட்டு நாடு விலைக்குப் போனா அந்தத் தொகைல 5 சதவீதம் அவனை 12 வயசுல இருந்து 23 வரைக்கும் வளத்த கிளப்புகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கணும்னு ஃபிஃபா விதி இருக்கு. ரக்பில பிளேயர் பெரும்பாலும் கான்ட்ராக்ட் முடிஞ்சுதான் மாறுவார், அதனால அப்படி ஒரு பணமே பெருசா கைமாறாது, கீழ இருக்கறவனுக்கு ஒண்ணும் வராது. அந்த சலுகைல கொஞ்சமாவது ஜூனியர் கிளப்புக்கும் அரசு ஸ்கூலுக்கும் திருப்பி விடணும்னு விதி போட்டா நான் வரவேற்பேன். கிளப்புங்களுக்கே காசு இல்லங்கறதும் உண்மைதான், 2022ல வூஸ்டரும் வாஸ்ப்ஸும், அடுத்த வருஷமே லண்டன் ஐரிஷும் கவுந்துச்சு. காசு இல்லாத கிளப் என்ன பண்ணும், ஏற்கனவே நல்ல ஜிம்மும் கோச்சும் இருக்கற பிரைவேட் ஸ்கூல்ல இருந்து பாதி வெந்த பையனை எடுத்துக்கும். செலவு மிச்சம்.

சரி, உங்க பையன். இதுக்காக மட்டும் பதினோரு வயசுல சேர்க்காதீங்க. பெரிய போர்டிங் ஸ்கூல்ல வருஷம் 50,000 பவுண்டுக்கு மேல ஆகும், 2025 ஜனவரில இருந்து அதுக்கு மேல 20 சதவீதம் வாட் வரி வேற. அந்த வயசுல வேகமா ஓடற பையன் பதினஞ்சுல எப்படி இருப்பான்னு யாராலயும் சொல்ல முடியாது. பக்கத்துக் கிளப்ல விடுங்க, டேக்கிள் ஒழுங்கா சொல்லித் தர்றாங்களான்னு நின்னு பாருங்க, கூடவே ஜூடோவோ மல்யுத்தமோ கத்துக்கிட்டா உடம்பைத் தாங்கி விழவாவது பழகும். பதினாறுல ஹார்ட்ப்யூரி மாதிரி காலேஜ் இருக்கு, படிப்புக்கு ஃபீஸ் கிடையாது, தங்கறதுக்கும் ஆட்ட டிரஸ்ஸு, பூட்ஸுக்கும்தான் செலவு, தினமும் டிரெய்னிங். பிரிஸ்டல்ல நோல் வெஸ்ட்ல இருந்து வந்த எல்லிஸ் கென்ஜ் அந்த வழியாத்தான் போய் இங்கிலாந்துக்கே கேப்டனா நின்னார். நடுவுல எங்கயாவது ஸ்காலர்ஷிப் கூப்பிட்டா, முழு ஃபீஸா பாதியா, காயம் பட்டு ஆட முடியாமப் போனாலும் அது தொடருமா, இந்த ரெண்டையும் எழுத்துல வாங்கிட்டு கையெழுத்துப் போடுங்க.