தீப்பெட்டிப் படம் சேகரிப்பவரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கேள்வி இதுதான்: தீப்பெட்டிப் படங்களைச் சேகரிப்பவருக்கு ஆங்கிலத்தில் ஃபில்லுமெனிஸ்ட் என்று தனிச் சொல் இருக்கிறதே, தமிழில் அப்படி ஒரே சொல் உண்டா?

புழக்கத்தில் நிலைத்த ஒரே சொல் என்று எதுவும் இல்லை. எழுத்தில் ‘தீப்பெட்டிப் படச் சேகரிப்பாளர்’ என்று போடுங்கள். பேச்சில் ‘தீப்பெட்டிப் படம் சேர்க்கிறவர்’ என்றாலே எல்லாருக்கும் புரியும். இந்தச் சொல்லுக்காக நானும் ஒருமுறை நாள்கணக்கில் அலைந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் நண்பர் ஒருவர் பல வருஷமாகத் தீப்பெட்டிப் படம் சேர்க்கிறார். அவருடைய ஆல்பங்களைக் காட்சிக்கு வைத்தபோது அறிமுகக் குறிப்பை எழுதும் வேலை என்னிடம் வந்தது. முதலில் ‘தொகுப்பாளர்’ என்று எழுதினேன். வாசித்துப் பார்த்ததும் உறுத்தியது. தொகுத்தல் என்பது பெரும்பாலும் எழுத்தோடு ஒட்டிய வேலை. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார், தொகுப்பித்தவர் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றுதானே சொல்கிறோம். போதாக்குறைக்கு இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் டிவி நிகழ்ச்சி நடத்துபவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. சரி, ‘கலெக்டர்’ என்று அப்படியே போட்டுவிடலாமா என்றால் மாவட்ட ஆட்சியர் வந்து நிற்கிறார். வசூலிப்பது பணத்துக்கு. திரட்டுவது தகவலுக்கும் நிதிக்கும் ஆளுக்கும். பொறுக்குவது என்று சொன்னால் அவருடைய உழைப்பையே கீழே போட்ட மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் ‘தீப்பெட்டியியல் அறிஞர்’ என்று எழுதிக் காட்டினேன். நண்பர் உடனே மறுத்துவிட்டார். “நான் ஆராய்ச்சி எதுவும் பண்ணலைங்க, படம் சேர்க்கிறேன்” என்றார். அவர் சொன்னது சரி. நாணயவியல் அறிஞர் காசின் எடை, உலோகம், அதில் பொறித்த எழுத்து, வெளியிட்ட அரசன் எல்லாவற்றையும் ஆராய்வார். சொந்தமாக ஒரு பழங்காசுகூட அவரிடம் இல்லாமல் இருக்கலாம். நாணயச் சேகரிப்பாளர் வேறு. இரண்டு வேலையையும் ஒருவரே செய்வதுண்டு, ஆனால் சொல்லைக் கலக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

‘ஆர்வலர்’ நல்ல சொல்தான், ஆனால் எனக்கு அது போதவில்லை. காரணம், அவர் படம் பிரிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய பெட்டியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். பசை இளகியதும் படத்தின் ஒரு மூலை மட்டும் லேசாக எழும். அப்போதும் கை வைக்க மாட்டார். முழுதாகக் கழன்று மிதந்த பிறகுதான் அடியில் ஒரு தாளைக் கொடுத்து அப்படியே தூக்குவார். அவசரப்பட்டு இழுத்தால் ஈரத்தாள் இரண்டாகிவிடும். இந்தப் பொறுமை ‘ஆர்வலர்’ என்ற சொல்லில் இல்லை. தேடுவது, பெறுவது, கெடாமல் வைத்திருப்பது மூன்றும் ‘சேகரிப்பாளர்’ என்பதில்தான் இருக்கிறது.

ஆங்கிலம் மாதிரி ஒற்றைச் சொல் இல்லையே என்று ஏங்க வேண்டாம். ஃபில்லுமெனி என்ற சொல்லை 1943இல் மார்ஜோரி எவன்ஸ் உருவாக்கினார். விரும்புதல் என்ற கிரேக்கச் சொல்லும் ஒளி என்ற லத்தீன் சொல்லும் சேர்ந்தது. அதில் பெட்டியும் இல்லை, படமும் இல்லை. தெரியாதவர் அகராதியைத்தான் புரட்ட வேண்டும். தபால்தலை சேகரிப்புக்கான ஃபிலாட்டலி இன்னும் சுற்றுவழி. 1864இல் ழார்ழ் ஹெர்பான் என்ற பிரெஞ்சுக்காரர் அதை அமைத்தபோது, அதே விரும்புதல் சொல்லோடு வரிவிலக்கு என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லைச் சேர்த்துக்கொண்டார். தபால்தலை ஒட்டிய கடிதத்துக்குப் பெறுபவர் காசு தர வேண்டியதில்லை அல்லவா, அந்தக் கணக்கு. அதற்கு முன்பு பிரெஞ்சில் தபால்தலைப் பித்து என்று பொருள்படும் ஒரு சொல்லும் புழங்கியது. பித்து போய் விருப்பம் வந்தது நல்ல மாற்றம். தன்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது சேகரிப்பவருக்கு முக்கியம்தானே. என் நண்பரிடமும் அதைத்தான் கண்டேன்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘பட சேகரிப்பாளர்’ அல்ல, ‘படச் சேகரிப்பாளர்’. அந்த ‘ச்’ விடுபடக் கூடாது. முதல் தடவை முழுப் பெயரையும் எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து ‘சேகரிப்பாளர்’ என்று மட்டும் போட்டால் நீளம் உறுத்தாது. நண்பரின் அறிமுகக் குறிப்பைக் கடைசியில் அப்படித்தான் முடித்தேன், அவரும் வாசித்துவிட்டுச் சரி என்றார்.