கேள்வி பதில்: அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் யார் ‘பவர்’?

கேள்வி: டிவிஷன் 1, 2, 3 என்பது இங்கிலாந்து கால்பந்து லீக் மாதிரி, தோற்றால் கீழே இறக்குவார்களா?

பதில்: இல்லை. வருடம் முழுக்கத் தோற்றாலும் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். எத்தனை விளையாட்டு நடத்துகிறார்கள், உதவித்தொகை தருகிறார்களா என்பதுதான் கணக்கு. மூன்றாவது டிவிஷனில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: இது படிப்பின் தரவரிசை அல்ல. எம்.ஐ.டி. மூன்றாவது டிவிஷன்.

கேள்வி: ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களுக்கு (தங்களுக்குள் ஆடும் பல்கலைக்கழகக் கூட்டணிகள்) ‘பவர் ஃபைவ்’ பட்டம் யார் கொடுத்தது?

பதில்: பத்திரிகைக்காரர்கள். அமெரிக்கக் கால்பந்தில் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்க 1998-இல் தொடங்கிய பி.சி.எஸ். முறையில் ஆறு கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்குப் பெரிய ஆட்டங்களில் இடம் உறுதி. 2014-இல் அதற்குப் பதிலாக பிளேஆஃப் (நாக்-அவுட் சுற்று) வருவதற்குள் ஆறில் ஒன்றான பிக் ஈஸ்ட் உடைந்துவிட, மிச்சம் எஸ்.இ.சி., பிக் டென், பிக் 12, ஏ.சி.சி. (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்), பாக் 12. அதே வருடம் சில விதிகளைத் தாங்களே வகுத்துக்கொள்ள இந்த ஐந்துக்கும் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. உரிமை கொடுத்தது. செல்லப்பெயர் பாதிச் சட்டமானது அப்போதுதான். பெயரில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பிக் டென்னில் இப்போது 18 பல்கலைக்கழகங்கள்.

கேள்வி: ஹார்வர்டு, யேல் இருக்கும் ஐவி லீக்?

பதில்: பவர் இல்லை. விளையாட்டு உதவித்தொகையும் இல்லை.

கேள்வி: கொன்சாகா பல்கலைக்கழகம் கூடைப்பந்தில் கலக்குகிறதே, ஏன் ‘மிட் மேஜர்’ (பவருக்கு ஒரு படி கீழே) என்கிறார்கள்?

பதில்: முத்திரை கான்ஃபரன்சுக்கு, அணிக்கு அல்ல. 2017, 2021 இரண்டிலும் இறுதி ஆட்டம் ஆடியபோதும் அவர்கள் இருந்தது வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்சில்.

கேள்வி: பாக் 12-க்கு எவ்வளவு பெரிய பாரம்பரியம்! இரண்டே பேர் மிஞ்சினாலும் பவர்தான். மறுப்பீர்களா?

பதில்: மறுப்பேன். 2022-இல் பாக் 12-இல் இருந்த யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகங்கள் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த வருடம் தேறுகிற தொலைக்காட்சி ஒப்பந்தம் அமையவில்லை. இன்னும் எட்டுப் பேர் மூட்டை கட்டினார்கள். ஸ்டான்ஃபோர்டு, பசிபிக் கரையில் உட்கார்ந்துகொண்டு அட்லாண்டிக் கரைக் கான்ஃபரன்சில் (ஏ.சி.சி.) ஆடுகிறது! 2024-இல் மிஞ்சியவை ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். மைதானம் அதே மைதானம், முத்திரை மட்டும் போய்விட்டது.

கேள்வி: (அதே ஆள்) அப்போ ஜெயிப்பதற்கு மதிப்பே இல்லையா?

பதில்: இருக்கிறது. 2024 பிளேஆஃபில் தரவரிசையில் முன்னால் நின்ற ஐந்து சாம்பியன்களுக்கு இடம் என்றுதான் விதி. மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்சின் சாம்பியன் பாய்சி ஸ்டேட் முதல் சுற்றே ஆடாமல் காலிறுதிக்குப் போனது. ஆனாலும் மவுண்டன் வெஸ்ட்டை யாரும் பவர் என்று சொல்லவில்லை. சரி, போதும்.

கேள்வி: மகனுக்கு டிவிஷன் 3 கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. படிப்பு மட்டமாக இருக்குமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள் சார்.